உப்பு முதலில் இறங்கட்டும்: காகிதத்தில் உயர்மின்னழுத்த எலக்ட்ரோபோரசிஸ்

பிரம்மதேசத்தில் மரக்காணம் பஸ் ஏறினால், ஊர் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் வெள்ளை பூக்கத் தொடங்கும். கோடையில் ஒரு நாள் இறங்கி உப்பளத்து வரப்பில் நடந்து பாருங்கள். முதல் பாத்தியில் நிற்பது வெறும் உவர்நீர். வெயில் குடிக்கக் குடிக்க அது கனக்கும். முதலில் சுண்ணாம்பு படியும், அடுத்து ஜிப்சம். 25 டிகிரி போமே வந்ததும் உப்பு விளையும். அதற்கு மேலும் விட்டால் மெக்னீசியக் கசப்பு ஏறிவிடும் என்று மிச்ச நீரை வடித்துவிடுவார்கள். டிகிரி பார்க்க ஒரு கண்ணாடி மிதவை, வாருவதற்கு ஒரு பலகை. இவ்வளவு சாமான்களை வைத்துக்கொண்டு கடல்நீரில் கலந்து கிடப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள்.

இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போவதும் பிரிக்கிற வேலைதான். ஆனால் இங்கே உப்பு விளைச்சல் அல்ல, களை. எலக்ட்ரோபோரசிஸ் டேங்கோடு நான் இருந்த வருஷங்களில் கெட்டுப்போன காகிதங்களில் பாதிக்கு மேல் உப்பால் கெட்டவை. பஃபர் தப்பானதாலோ வோல்ட் குறைந்ததாலோ கெட்டவை கொஞ்சம்தான். அதனால் மற்ற கையேடுகளில் ஒரு பாராவில் முடிந்துவிடும் 'உப்பு நீக்கம்' இங்கே கொஞ்சம் நீளமாக வரும்.

முதலில் அடிப்படை. மின்சுமை உள்ள மூலக்கூறை மின்புலத்தில் வைத்தால் எதிர்ச்சுமை உள்ள முனையை நோக்கி நகரும். சுமை அதிகமானால் வேகம் கூடும், உருவம் பெரிதானால் குறையும். பள்ளிப் பாடநூலில் இதற்கு மின்முனைக் கவர்ச்சி என்று பெயர். ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "ரன் போட்டாச்சா?" என்பதோடு சரி. நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்பதும் பிளஸ் பக்கம், மைனஸ் பக்கம் ஆகிவிடும். நானும் அப்படியே எழுதுகிறேன்.

உயர் மின்னழுத்தம் எதற்கு? புரதம் போன்ற பெரிய உருவங்களுக்குச் சில நூறு வோல்ட் போதும். ராத்திரி முழுக்க ஓடட்டும், பரவாயில்லை. அமினோ அமிலம், சிறிய பெப்டைடு, கரிம அமிலம், நியூக்ளியோடைடு, சர்க்கரைப் பாஸ்பேட் போன்ற பொடிசுகள் அப்படி இல்லை. ராத்திரி முழுக்க ஈரக் காகிதத்தில் கிடந்தால் நகர்வதோடு நிற்காமல் நாலு பக்கமும் பரவும். காலையில் பார்த்தால் புள்ளி இருந்த இடத்தில் மேகம்தான் இருக்கும். பரவ நேரம் கொடுக்காமல் விரட்ட வேண்டும் என்றால் சென்டிமீட்டருக்கு 50 வோல்ட்டாவது வேண்டும். 57 செ.மீ. நீளமுள்ள வாட்மேன் தாளுக்கு அது சுமார் 3,000 வோல்ட். வேலை அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். 1951-ல் ஆஸ்திரிய வேதியியலாளர் மிஷ்ல் இந்த வழியைக் காட்டிய பிறகு, 1950களிலும் 60களிலும் பெப்டைடு வேலை நடந்த ஆய்வகங்களில் இப்படி ஒரு டேங்க் இருப்பது சகஜமாயிற்று.

இன்று எச்.பி.எல்.சி.யும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். ஒரே தாளில் பத்துப் பன்னிரண்டு மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டலாம். பிரிந்ததை வெட்டி எடுத்துக் கழுவி அடுத்த சோதனைக்கு அனுப்பலாம். அடைத்துக்கொள்ளும் காலம் கிடையாது. தாள் கெட்டால் தாளோடு போயிற்று. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரச் செல்சுவரை ஆராயும் ஸ்டீபன் ஃப்ரை 2020-லும் இந்த முறையைப் பற்றி விரிவான செய்முறைக் கட்டுரை வெளியிட்டார். பழையது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை.

பஃபர்தான் திசைகாட்டி

எந்தப் பொருள் எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிப்பது வோல்ட் அல்ல, பி.எச். இந்தப் புத்தகத்துக்கு மூன்று பஃபர் போதும்.

பி.எச். 2-க்கு ஃபார்மிக் அமிலம் 1 பங்கு, அசிட்டிக் அமிலம் 4, தண்ணீர் 45. இதில் அமினோ அமிலங்கள் அத்தனையும் கூடக்குறையப் பிளஸ் சுமை ஏந்தி மைனஸ் பக்கம் ஓடும். ஆகவே தொடக்கக் கோட்டைப் பிளஸ் முனைக்குப் பக்கத்தில், ஓரத்திலிருந்து 10 செ.மீ. தள்ளிப் போடுங்கள். லைசின், ஹிஸ்டிடின், ஆர்ஜினின் மூன்றும் இரட்டைச் சுமையோடு முதலில் ஓடும். கிளைசின், அலனின் பின்தொடரும். புரோலின், அஸ்பார்ட்டிக் அமிலம் எல்லாம் பின்னால் ஆடி அசைந்து வரும்.

பி.எச். 3.5-க்கு அசிட்டிக் அமிலம் 10, பிரிடின் 1, தண்ணீர் 189. பி.எச். 6.5-க்குப் பிரிடின் 33, அசிட்டிக் அமிலம் 1, தண்ணீர் 300. பிந்தையதில் லைசினும் ஆர்ஜினினும் மைனஸ் பக்கம், குளூட்டாமிக்கும் அஸ்பார்ட்டிக்கும் பிளஸ் பக்கம், மற்றவை பெரும்பாலும் நடுவிலேயே குந்திவிடும். தொடக்கக் கோடு நடுவில்.

இந்த மூன்றும் முழுக்க ஆவியாகக்கூடியவை என்பதைக் கவனியுங்கள். சோடியம் பாஸ்பேட் பஃபரில் ஓட்டினால் பிரித்தெடுத்த பொருளோடு உப்பும் கூடவே வரும், மறுபடி முதலிலிருந்து. இவற்றில் ஓட்டிய காகிதத்தை உலர்த்தினால் பொருள் மட்டும் மிஞ்சும். பிரிடின் வாடை பற்றி ஒரு வார்த்தை: கருவாட்டுக்குப் பழகிய கடற்கரை மூக்கே அதைத் தாங்காது. பஃபர் கலப்பதும் காகிதம் உலர்த்துவதும் ஃப்யூம் ஹூட்டுக்குள்தான். வெளியே வைத்துச் செய்தால் அந்த மாடியே உங்களைத் தேடி வரும்.

பி.எச். 6.5-ல் இன்னொரு சௌகரியமும் உண்டு. 1966-ல் ஆஃபர்டு ஒரு எளிய கணக்கைச் சொன்னார். ஒரு பெப்டைடின் வேகம், அதன் நிகரச் சுமையை மூலக்கூறு எடையின் மூன்றில் இரண்டு படியால் வகுத்த அளவில் இருக்கும். அஸ்பார்ட்டிக் அமிலத்தின் (எடை 133) வேகத்தை 1 என்று வைத்தால், அதே ஒற்றைச் சுமையுள்ள குளூட்டாமிக் (147) 0.94 வரும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால், அறியாத பெப்டைடு எவ்வளவு தூரம் போயிற்று என்பதை வைத்தே அதில் இருப்பது குளூட்டாமிக்கா குளூட்டமினா என்று சொல்லிவிடலாம். ஒரு சுமை வித்தியாசம் தாளில் ஒளிய முடியாது. 1956-ல் வெர்னான் இங்ரம் அரிவாள்செல் ஹீமோகுளோபினைப் பெப்டைடுகளாகத் துண்டாக்கிக் காகிதத்தில் ஓட்டியபோது, சாதாரண ஹீமோகுளோபினின் கோலத்திலிருந்து ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. குளூட்டாமிக் இருக்க வேண்டிய இடத்தில் வாலின். அதற்கு நாலு வருஷம் முன்பு, 1952-ல்தான், நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே அரிவாள்செல் தன்மை இருப்பதை லேமனும் கட்புஷ்ஷும் பதிவு செய்திருந்தார்கள்.

உமரியை ஓட்டுவது

இனி நம் மாதிரி. உப்பள வரப்புகளிலும் கழுவேலி ஏரி ஓரத்திலும் உமரி அடர்ந்து கிடக்கும். குட்டையான செடி, சதைப்பற்றுள்ள சின்ன இலை. கிள்ளி வாயில் போட்டால் உப்புக் கரிக்கும். கீரையாகக் கடைந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு. இவ்வளவு உப்பில் இது எப்படி உயிரோடு இருக்கிறது? சோடியத்தையும் குளோரைடையும் செல்லுக்குள் இருக்கும் வெற்றிடப்பைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறது. அதற்கு ஈடுகொடுக்க வெளியே சைட்டோபிளாசத்தில் கிளைசின்பீட்டைன் என்ற தீங்கற்ற கரைபொருளைச் சேர்த்துவைக்கிறது. வேல்ஸ் நாட்டின் பாங்கரில் ஸ்டோரியும் வின் ஜோன்ஸும் 1970களில் இதைப் பல செடிகளில் அளந்தார்கள். நம் கடற்கரையிலும் வளரும் பெரிய உமரி வகையான சுவேடா மோனாய்க்காவும் அவற்றில் ஒன்று.

நான் முதல் தடவை செய்ததைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். லீவுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு பிளாஸ்டிக் பை நிறைய உமரி கொண்டு வந்தேன். அரைத்து, பிழிந்து, வடிகட்டி, சாற்றை அப்படியே காகிதத்தில் வைத்து ஓட்டினேன். அமினோ அமிலத்துக்கு நிறம் காட்டும் நின்ஹைட்ரினைத் தெளித்துச் சூடு காட்டியதும் பக்கத்துப் பாதைகளில் ஸ்டாண்டர்டு புள்ளிகள் அழகாக வந்தன. உமரிப் பாதையில் மட்டும் ஏதோ கால் வழுக்கி விழுந்த தடம்போல் பிறை பிறையாக ஊதா இழுசல். எது எங்கே என்று தெரியவில்லை. அதன் இருபுறமும் இருந்த ஸ்டாண்டர்டுகளும் உள்பக்கமாக வளைந்திருந்தன.

காரணம் இதுதான். உமரிச் சாற்றில் சோடியம் குளோரைடு கடல்நீர் அளவுக்கு, அதாவது லிட்டருக்கு அரை மோல் வாக்கில் இருக்கும். அமினோ அமிலங்களோ அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. பி.எச். 2 பஃபரைவிட அந்த உப்புக்கரைசல் ஏறக்குறைய பத்து மடங்கு மின்சாரம் கடத்தும். நன்றாகக் கடத்தும் இடத்தில் மின்புலம் விழுந்துவிடும். தாளின் மற்ற இடங்களில் சென்டிமீட்டருக்கு 50 வோல்ட் இருக்கும்போது புள்ளி வைத்த இடத்தில் ஐந்துதான் இருக்கும். சோடியமும் குளோரைடும் வெளியேறி முடிக்கும்வரை நம் பொருள்கள் நின்ற இடத்தில் நிற்கும். ஓரத்தில் இருப்பவை மட்டும் முந்தி ஓடும். பிறை வடிவம் அப்படித்தான் வருகிறது.

ஊரில் உப்பளத்தில் வேலை பார்த்த சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. "என்னாடா இது, உப்பச் சேக்கறதுக்கு நாங்க படற பாடு பத்தாதுன்னு, நீ உப்ப எடுக்கறதுக்குப் பாடு படறியா?" என்றார்.

படத்தான் வேண்டும். வழி இது.

5 கிராம் பச்சை இலையை எடுத்து, மேலே ஒட்டிய உப்புப் போகக் காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு முக்கு முக்கி, ஒற்றி எடுங்கள். ஊறவைத்தால் உள்ளே இருப்பதும் கசிந்துவிடும். 80 சதவீத எத்தனால் 25 மி.லி.யில் போட்டு, 70 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிடம் வையுங்கள். அடுப்பில் நேராக வைக்காதீர்கள். பிறகு கல்வத்தில் அரைத்து வடிகட்டி, சக்கையை இன்னொரு முறை அதே போலச் செய்து, இரண்டு சாற்றையும் சேருங்கள். ஆல்கஹாலை ஆவியாக்கிவிட்டு, மிஞ்சும் நீரைக் குளோரோபார்மோடு குலுக்கினால் பச்சையம் கீழே இறங்கிவிடும். மேலே உள்ள நீர்தான் நமக்கு வேண்டியது.

எத்தனாலுக்குப் பெர்மிட் வாங்கி வருவதற்குள் சீசன் முடிந்துவிடும் என்று மெத்தனாலில் செய்பவர்கள் உண்டு. வேதியியலாகத் தவறில்லை. ஆனால் மெத்தனால் என்ன செய்யும் என்று மரக்காணம் பக்கம் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் அது கலந்த சாராயத்தால் எத்தனை வீடுகளில் அழுகை எழுந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பாட்டில் மேல் தமிழிலேயே 'விஷம்' என்று எழுதி ஒட்டுங்கள். பூட்டிவையுங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று என்று ஒரு நோட்டில் குறியுங்கள். மீந்ததை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அடுத்து அயனிப் பரிமாற்ற ரெசின். டவெக்ஸ் 50, ஹைட்ரஜன் வடிவில். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் போடாமல் தொடங்காதீர்கள். 5 கிராம் இலையில் சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் சேர்த்து 3 மில்லி ஈக்விவலன்ட் வரை இருக்கலாம். ஊறிய ரெசின் ஒரு மி.லி. சுமார் 1.7 பிடிக்கும். கணக்குப்படி 2 மி.லி. போதும் போலத் தோன்றும். 5 மி.லி. எடுங்கள். மட்டமாக எடுத்தால் பின்னால் வரும் சோடியம் ஏற்கெனவே பிடித்திருந்த அமினோ அமிலத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். உங்கள் சரக்கு சாக்கடைக்குப் போனது உங்களுக்கே தெரியாது.

சாற்றை ரெசின் வழியே மெதுவாக, ஒரு நிமிடத்துக்கு ஒரு மி.லி. வீதம் இறக்குங்கள். கீழே சொட்டுவதை பி.எச். தாளில் தொட்டுப் பார்த்தால் சிவப்பாக இருக்கும். சோடியம் உள்ளே உட்கார, ஹைட்ரஜன் வெளியே வந்து, குளோரைடோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாக ஒழுகுகிறது. சர்க்கரைகளும் கரிம அமிலங்களும் இதோடே போய்விடும். இனித் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எப்போது நிறுத்துவது? ஒரு சொட்டைக் கண்ணாடியில் பிடித்து வெள்ளி நைட்ரேட் ஒரு துளி விட்டால் பால் திரிந்ததுபோல் வெளுக்கும்வரை குளோரைடு இருக்கிறது. தெளிவாக நின்றதும் போதும்.

இப்போது 2 மோலார் அம்மோனியா 20 மி.லி. அம்மோனியா பட்டதும் அமினோ அமிலங்களும் பீட்டைனும் நிகரப் பிளஸ் சுமையை இழந்து பிடியை விடும். சோடியம் பிடித்த பிடியில் அங்கேயே கிடக்கும். இதுதான் இந்த ரெசினின் அழகு. கோலின் தேடுபவர்களுக்கு மட்டும் இது உதவாது. அதன் பிளஸ் சுமை எந்த பி.எச்.சிலும் போகாது என்பதால் சோடியத்தோடு அதுவும் உள்ளே தங்கிவிடும். ஃப்யூம் ஹூட்டில் அம்மோனியாவை உலர்த்தி, மிஞ்சியதை அரை மி.லி. நீரில் கரையுங்கள். அதில் நிக்ரோம் கம்பியைத் தோய்த்துத் தீயில் காட்டிப் பாருங்கள். தீ பழைய தெருவிளக்குபோல் தகதகவென்று மஞ்சளாக எரிந்தால் சோடியம் தப்பி வந்திருக்கிறது. திரும்ப ரெசினுக்குப் போங்கள்.

தாள், டேங்க், கரண்ட்

வாட்மேன் 1 சாதாரண வேலைக்கு, 3 அதிகச் சரக்கு ஏற்றுவதற்கு. பென்சிலால் மட்டுமே எழுதுங்கள். பால்பாயின்ட் மையும் ஓடும். கையுறை போடாமல் தாளைத் தொடாதீர்கள். விரல் வியர்வையில் அமினோ அமிலம் உண்டு, கடைசியில் நின்ஹைட்ரின் உங்கள் கைரேகையைப் போலீஸ் ஸ்டேஷன் தரத்தில் எடுத்துக் காட்டும். என் மேஜையில் பல வருஷம் மாட்டியிருந்த ஒரு தாளில் புள்ளிகளைவிட என் கட்டைவிரல்தான் தெளிவாக இருந்தது.

5 மைக்ரோலிட்டராக வைத்து, ஹேர் டிரையரின் குளிர்காற்றில் உலர்த்தி, மறுபடி அதே இடத்தில். புள்ளி 5 மி.மீ. தாண்டக்கூடாது. எல்லாம் வைத்த பிறகு பஃபரை இரண்டு ஓரங்களிலிருந்தும் நனைத்துக்கொண்டு வந்து, தொடக்கக் கோட்டுக்கு 2 செ.மீ. முன்னால் நிறுத்துங்கள். ஈரம் தானாகவே இரு பக்கமும் ஊறி வந்து கோட்டில் ஒன்றையொன்று சந்திக்கும். அப்போது ஒவ்வொரு புள்ளியும் மெல்லிய கீற்றாக ஒடுங்கும். இந்த ஒரு நிமிடத்தில் அவசரப்பட்டால் பிறகு எந்த வோல்ட்டும் காப்பாற்றாது. மிதமிஞ்சிய ஈரத்தை ஒற்றுத்தாளில் ஒற்றி எடுங்கள்; தாள் பளபளக்கக் கூடாது.

டேங்க் வேலை செய்யும் விதம் எளிது. அடியில் பஃபர், அதன் மேல் நிரம்ப ஒயிட் ஸ்பிரிட், உச்சியில் இன்னொரு தொட்டியில் பஃபர். தாளின் ஒரு முனை மேல் தொட்டியிலும் மறுமுனை அடிப் பஃபரிலும் இருக்கும். உடம்பு முழுக்க ஒயிட் ஸ்பிரிட்டில் மூழ்கியிருக்கும். ஒயிட் ஸ்பிரிட் மின்சாரம் கடத்தாது, தண்ணீரோடு கலக்காது, சூட்டை வாங்கிக்கொண்டு குளிர்நீர்ச் சுருளிடம் கொடுத்துவிடும். பெயின்ட் கடையில் மினரல் டர்பன்டைன் என்று விற்பதற்கு அது நெருங்கிய உறவு. ஆனால் கடைச் சரக்கை ஊற்றாதீர்கள். வேறென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

3,000 வோல்ட்டில் 90 மில்லி ஆம்பியர் ஓடினால் 270 வாட். ஈரக் காகிதம் ஒன்றுக்குள் நாலைந்து பழைய குண்டு பல்பின் சூடு. சூடு ஏற ஏறக் கடத்தல் கூடும், டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம். கடத்தல் கூடினால் ஆம்பியர் ஏறும், அதனால் இன்னும் சூடு. இந்தச் சுழலைக் குளிர்ச்சி ஒன்றுதான் நிறுத்தும். வெளிநாட்டுக் கையேடுகள் 'குழாய் நீரை ஓடவிடவும்' என்று எழுதியிருக்கும். அவர்கள் குழாயில் மார்கழி ஓடுகிறது. நம் மாடித் தொட்டித் தண்ணீர் மே மாதத்தில் கையைச் சுடும். சில்லர் வைத்த சுழற்சி நீர்தான் வழி. அதுவும் இல்லையென்றால் ஐஸ்கட்டி போட்ட டிரம்மும் மீன்தொட்டி பம்பும். நான் இரண்டாவதைத்தான் அதிகம் பயன்படுத்தினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆம்பியர் மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும். தொடங்கியதிலிருந்து கால் பங்கு ஏறிவிட்டால் வோல்ட்டைக் குறையுங்கள்.

இப்போது உயிர் பற்றிய பேச்சு. இந்த மின்சாரம் ஷாக் அடித்துவிட்டு விட்டுவிடும் ரகமில்லை, ஆளைக் கொல்லும். மூடி திறந்தால் தானாக மின்சாரம் அறுந்துபோகும் சுவிட்ச் இல்லாத டேங்கை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சுவிட்ச் இருக்கிறதே என்று நம்பி மூடியைத் திறக்கவும் கூடாது: முதலில் சப்ளையை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியதைப் பார்த்து, பிறகு மூடி. தனியாக இருக்கும்போது ரன் போடாதீர்கள். ஒயிட் ஸ்பிரிட் எரியும். ஒரு பொறி போதும். தண்ணீர் வாளி உதவாது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். யூடியூப் பார்த்து மைக்ரோவேவ் டிரான்ஸ்பார்மரில் சப்ளை கட்டலாமா என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். கூடாது. அவ்வளவுதான் பதில்.

ஆரஞ்சு ஜி சாயத்தை ஒரு பாதையில் வையுங்கள். பி.எச். 6.5-லும் 3.5-லும் அது பிளஸ் பக்கம் ஓடுவதைக் கண்ணாலேயே பார்த்து, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யலாம். ஒன்று மட்டும்: காகிதத்துக்கே லேசான மைனஸ் சுமை உண்டு. அதனால் பஃபர் முழுவதும் மெல்ல மைனஸ் பக்கம் நழுவும், சுமையில்லாத பொருளும் அதோடு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போய்விடும். தூரத்தைத் தொடக்கக் கோட்டிலிருந்து அளக்காமல், சுமையில்லாத ஸ்டாண்டர்டு நிற்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். பி.எச். 6.5-ல் மஞ்சளாகக் கண்ணில் படும் டி.என்.பி. லைசின் இதற்கு நல்லது.

நடுவில் கரண்ட் போனால்? ஐந்து நிமிடத்தில் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். புள்ளி கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் ஆனால் எடுத்து உலர்த்திவிடுங்கள். பாதி ஓடிய தாளும் ஏதாவது சொல்லும், ஊறிய தாள் எதுவும் சொல்லாது.

நிறம் காட்டுவது

உலர்ந்த தாளை அசிட்டோனில் கரைத்த 0.25 சதவீத நின்ஹைட்ரினில் ஒரு முறை இழுத்து எடுத்து, காற்றில் ஆறவிட்டு, 100 டிகிரி அடுப்பில் சில நிமிடம். ஊதா வரும். புரோலின் மட்டும் மஞ்சள்.

உமரியில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. பி.எச். 2-ல் புரோலினும் கிளைசின்பீட்டைனும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கும். எடையும் ஒன்றுபோல் (115, 117), அமிலத்தன்மையும் ஒன்றுபோல். பீட்டைனின் நைட்ரஜனில் மூன்று மெத்தில்கள் அடைத்துக்கொண்டிருப்பதால் நின்ஹைட்ரின் அதைக் கண்டுகொள்ளாது. ஆகவே நின்ஹைட்ரின் தாளில் வெளிறிய மஞ்சளை மட்டும் பார்த்துவிட்டு, 'உமரியில் கொஞ்சம் புரோலின், வேறொன்றுமில்லை' என்று எழுதிவிடுவார்கள். ஒரே மாதிரியை இரண்டு பாதைகளில் ஓட்டி, தாளை நடுவில் வெட்டி, ஒரு பாதியை நின்ஹைட்ரினிலும் இன்னொன்றை டிராகன்டார்ஃப் கரைசலிலும் காட்டுங்கள். இரண்டாவதில் அதே உயரத்தில் ஆரஞ்சு நிறத்தில் கனமான பட்டை எழும். அதுதான் பீட்டைன். பக்கத்தில் கோலின் ஸ்டாண்டர்டு வைத்தால் அது முழுச் சுமையோடு வெகுதூரம் முன்னால் போய் நிற்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

பருப்பில் ஒரு சோதனை

இலையோடு மல்லுக்கட்டிய பிறகு விதை சுலபம். உப்புத் தொல்லை கிடையாது. கற்றுக்கொள்ள நான் கொடுக்கும் இரண்டாவது பயிற்சி கேசரிப்பருப்பு. துவரம்பருப்பிலும் கடலைமாவிலும் கலப்படமாகப் பேசப்படும் சரக்கு. மாதக்கணக்கில் அதையே தின்றவர்களுக்குக் கால் விளங்காமல் போவதை மத்திய இந்தியாவில் வெகுகாலமாக அறிந்திருந்தார்கள். இங்கிலாந்தில் இ.ஏ. பெல் 1962-ல் கேசரி சேர்ந்த பேரினத்தின் 49 இனங்களின் விதைச்சாறுகளைக் காகிதத்தில் பிரித்து, எதில் எந்த வினோத அமினோ அமிலம் என்று அட்டவணை போட்டார். 1964-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா மூவரும் கேசரியின் நரம்பு நச்சைத் தனியாகப் பிரித்து அமைப்பைச் சொன்னார்கள். ஆக்சாலில் டைஅமினோ புரோப்பியோனிக் அமிலம்; சுருக்கமாக ஓ.டி.ஏ.பி.

எந்த பி.எச்.சில் ஓட்டுவது? இங்கே ஆஃபர்டு கணக்கு கைகொடுக்கும். ஓ.டி.ஏ.பி.யின் எடை 176. பி.எச். 6.5-ல் அதற்கும் அஸ்பார்ட்டிக், குளூட்டாமிக்குக்கும் ஒரே ஒற்றை மைனஸ் சுமை. எடையால் மட்டும் பின்தங்கி 0.83-ல் நிற்கும். குளூட்டாமிக்கின் 0.94-க்கு வெகு பக்கம். பருப்பில் குளூட்டாமிக் தாராளமாக இருப்பதால் அதன் வாலில் இது மறைந்துவிடும். பி.எச். 3.5-க்கு மாற்றுங்கள். அஸ்பார்ட்டிக்கும் குளூட்டாமிக்கும் பக்க அமிலத்தின் ஹைட்ரஜனைத் திரும்பப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்டச் சுமையில்லாமல் சோம்பிக் கிடக்கும். ஆக்சாலில் அமிலம் வலுவானது, அவ்வளவு எளிதில் பிடித்துக்கொள்ளாது. எனவே கடைசியில் நின்றது முதலில் வந்துவிடும். பிளஸ் பக்கம் இரண்டையும் வெகுவாகத் தாண்டித் தனியே ஒரு புள்ளி. நல்ல துவரையை ஒரு பாதையிலும், வேண்டுமென்றே பத்தில் ஒரு பங்கு கேசரி கலந்ததை இன்னொன்றிலும் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒரு கிராம் மாவு, 70 சதவீத ஆல்கஹால் 10 மி.லி., ஒரு மணி நேரம் குலுக்கல், வடிகட்டல். ரெசின் வேண்டாம்.

டேங்கை மூடும் முன்

ஒவ்வொரு ரன்னிலும் தாளிலிருந்து கொஞ்சம் பஃபர் வடிந்து அடியில் சேரும். பிரிடின் பஃபராக இருந்தால் பிரிடின் மெல்ல ஒயிட் ஸ்பிரிட்டுக்குள்ளும் ஏறும். அதனால் பி.எச். 2-க்கு ஒரு டேங்க், பிரிடின் பஃபர்களுக்கு வேறு டேங்க் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரே டேங்க்தான் என்றால், பஃபர் மாற்றும்போது ஒயிட் ஸ்பிரிட்டையும் மாற்றுங்கள். பழையதைச் சிங்க்கில் ஊற்றாமல் கேனில் சேர்த்துக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். மாதம் ஒரு முறை மின்முனையான பிளாட்டினக் கம்பியைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் எங்கோ உப்பு உள்ளே வந்திருக்கிறது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் துடைத்துக் கழுவி, கடைசியாக ஓட்டியது யாருடைய மாதிரி என்று நோட்டைப் புரட்டுங்கள்.